கைநாட்டுக்கு மேலே இருந்த இடம்

போன மாதம் தென்காசியில் நம் ஓய்வூதியர் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்களே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்களில் முக்கால்வாசிப் பேர் அன்று மண்டபத்தில் இருந்தீர்கள். நம் செயலாளர் மைக்கைப் பிடித்து, "அம்மா இன்றைக்கு நேற்றைக்கு மக்கள் சேவைக்கு வந்தவர் இல்லை, ஆறாம் வகுப்பு படிக்கையிலேயே மனு எழுதித் தன் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கொண்டு வந்தவர்" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

அந்தக் கும்பிடு எனக்குச் செரிக்கவே இல்லை. செயலாளருக்கு அந்தக் கதையைச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள். நான்தான். என்றோ ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பாதியைச் சொன்னேன், மீதியை விழுங்கிவிட்டேன். அந்த மீதியை இப்போது சொல்கிறேன். படித்து முடித்துவிட்டுப் பொன்னாடையைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவேன். மடிப்புக்கூடக் கலையவில்லை.

எங்கள் ஊர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. ஆனி பிறந்து மலையில் மேகம் இறங்கிவிட்டால் வெயில் அடிக்கும்போதே பொடித்தூறல் விழும். கொடியில் போட்ட பாவாடை மூன்று நாளானாலும் காயாது. அம்மா நெருப்புச் சட்டியின் மேல் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் துணியை விரித்துக் காய வைப்பாள். சாரல் காலம் முழுக்க வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் மேலும் புகை வாசனை அடிக்கும். யாரும் யாரையும் கேலி செய்ய முடியாது.

எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து அருவியில் தலையைக் காட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு மைலில் இருந்த எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். அதுதான் உண்மை. வாய்க்காலில் செக்கச் செவேல் என்று மண் கரைந்து ஓடும். ஊர்க் கிணறுகளிலும் அதே கலங்கல்தான். மேலத்தெருவுக்கு ஒரு கிணறு, கீழத்தெருவுக்கு ஒரு கிணறு. ஏன் இரண்டு என்று அந்த வயதில் நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நாங்கள் மேலத்தெரு. வயலும் களமும் எங்களுடையவை. கீழத்தெருக்காரர்கள் அந்த வயலில் வேலை பார்த்தவர்கள். சாரல் காலத்தில் குற்றாலத்துத் தோப்புகளுக்குப் பழக்கூடை சுமக்கப் போனவர்கள். எங்கள் அம்மா கீழத்தெருவுக்குள் காலெடுத்து வைத்து நான் பார்த்ததே இல்லை.

தெளிந்த தண்ணீர் வேண்டுமென்றால் மலைப்பக்கத் தோட்டத்துக் கிணற்றுக்கு அரை மைல் நடக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இரண்டு நடை என்பது என் கணக்கு. இடுப்பில் குடம், கையில் தூக்குவாளி, வழுக்குகிற வரப்பு. விழுந்தால் முழங்கால் போகும். குடம் நசுங்கினால் முதுகு போகும். அதனால் குழாய் என்ற சொல்லே எனக்கு அப்போது இனித்தது.

குழாய் போட உத்தரவு வந்துவிட்டது என்று ஒருநாள் மெம்பர் வந்து சொன்னார். மெம்பர் என்றால் எங்கள் வார்டு பஞ்சாயத்து உறுப்பினர். கீழத்தெருவிலிருந்து முதல்முதலாக அந்த நாற்காலிக்குப் போனவர். உயரமான ஆள். எங்கள் வாசலுக்கு வந்தால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முற்றத்திலேயே நிற்பார். தூறல் விழுந்தாலும் அங்கேயேதான் நிற்பார். உள்ளே வா என்று யாரும் சொன்னதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு வயதுச் சிறுக்கி நான் அவரை 'நீ' என்றுதான் பேசுவேன். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள். அவர் என்னைப் 'பாப்பா' என்பார்.

குழாய் ஒன்றுதான். அதை எங்கே நிறுத்துவது என்று ஊரார் சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். மெம்பர் வீடு வீடாக ஒரு வாரம் நடந்தார். கடைசியில் இரண்டு தெருவும் சேருகிற புளியமரத்தடியில் இரண்டு தெரு ஆட்களும் கூடினார்கள். அப்படி ஒரு கூட்டம் அதற்கு முன்னால் நடந்ததில்லை என்று பிற்பாடு அப்பாவே சொல்லியிருக்கிறார். ஒரு பகல் முழுக்கக் கத்திவிட்டு, அந்தப் புளியமரத்தடியிலேயே குழாயை நிறுத்துவது என்று முடிவானது. அது யார் வாசலும் இல்லை. அங்கே யாரையும் யாரும் தள்ளி நில் என்று சொல்ல முடியாது. இப்போது எனக்கு விளங்குகிற இந்தக் காரணம் மெம்பருக்கு அப்போதே விளங்கியிருந்தது.

எங்கள் பக்கத்தில் மனு எழுதுவதில் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் வெள்ளைத்தாளில் எல்லாரிடமும் கைநாட்டும் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். விஷயத்தை அப்புறம் மேலே எழுதிக்கொள்வார்கள். தோப்பு வேலைக்குப் போகிறவர்கள் விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள், எழுதி முடிக்கும்வரை யார் காத்திருப்பது? மை தடவுகிற டப்பாவும் ரேஷன் கடையிலிருந்து இரவல் வந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டும். எழுதுகிறவர் நம்ம ஆள்தானே என்பதுதான் அந்த வழக்கத்துக்கு ஆதாரம்.

வழக்கமாக மனு எழுதும் வாத்தியார் அந்த வாரம் ஊரில் இல்லை. மெம்பர் அந்தத் தாளை ஒரு அட்டைக்குள் வைத்து, நனையாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தார்.

"பாப்பா எழுத்து முத்து முத்தா இருக்கும்னு வாத்தியார் சொன்னாவ. இத எழுதிக் குடுக்கணும்."

அப்பா கேட்டார்: "ஏன், ஒம் மவ எழுத மாட்டாளா? அவளும் இவ கூடத்தான படிக்கா?"

"எழுதுவா ஐயா. நல்லாவே எழுதுவா. ஆனா மேலத்தெருப் பிள்ள கையால எழுதுனாத்தான் இது ரெண்டு தெரு மனுவா இருக்கும்."

அப்பாவுக்கு அது பெருமையாக இருந்தது. எனக்கும்தான். மெம்பர் சொல்லச் சொல்ல நான் தனித்தாளில் குறித்துக்கொண்டேன். கடைசியில் அவர் குனிந்து, "புளியமரத்தடின்னு தெளிவா எழுதிரு பாப்பா. அதான் முக்கியம்" என்றார். "சரி மெம்பரு, நீ நாளைக்கு வந்து வாங்கிக்கோ" என்றேன்.

அன்று சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினேன். என்னிடம் ஒரு பச்சை நிற ஊற்றுப்பேனா இருந்தது. மூடியில் வெடிப்பு விழுந்து, நூல் சுற்றி வைத்திருப்பேன். அந்தப் பேனா எங்கே போயிற்றோ தெரியாது. ஆனால் அந்தத் தாள் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கீழ்ப்பாதி முழுக்க ஊதாநிறக் கட்டைவிரல்கள், நடுநடுவே கோணல் கையெழுத்துகள். மேல்பாதி வெறுமையாக இருந்தது. அடுப்படியில் அம்மா யாரிடமோ, "நம்ம பிள்ளையார் கோயில் முக்குல வந்தா வாசல்லயே தண்ணி. எங்க குடுத்து வச்சிருக்கு!" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா மேல் பழியைப் போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவள் சும்மா அலுத்துக்கொண்டாள். எழுதியது நான்.

'மேலத்தெரு மேற்கு முக்கு, பிள்ளையார் கோயில் எதிரில்' என்று எழுதினேன். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து நாலு எட்டு. எழுதும்போது கை நடுங்கியது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். அழகாக, சுழிகளெல்லாம் ஒரே அளவாக வந்தது. இத்தனை பெரிய ஆட்களின் விரல்கள் எனக்குக் கீழே இருக்கின்றன, நான் எழுதுவதுதான் அவர்கள் சொன்னது ஆகும் என்ற நினைப்பில் ஒரு குஷி இருந்தது. அந்தக் குஷியை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

மறுநாள் மெம்பர் வந்து வாங்கிக்கொண்டார். அவருக்குத் தன் பெயரை எழுத மட்டும் தெரியும். தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "அச்சடிச்சாப்ல இருக்கு" என்று சிரித்தார். அப்படியே தென்காசி பஸ் ஏறிக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னார். தேக்கிலையில் பொதிந்து எனக்கு நாலு மங்குஸ்தான் பழம் கொண்டுவந்திருந்தார். தோப்பில் அவருக்குக் கூலியோடு கொடுத்ததாக இருக்கும். அவர் போனதும் அம்மா அந்தப் பழங்களின் மேல் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். அரை மைல் தூரத்திலிருந்து நான் சுமந்து வந்த தண்ணீர். நான் உட்கார்ந்து நாலையும் தின்றேன். தோலின் சாயம் இரண்டு நாள் விரலில் இருந்தது.

ஆவணியில் குழாய் வந்தது. யூனியன் ஆபீஸ் ஆட்கள் நேராகப் பிள்ளையார் கோயில் முக்குக்கு வந்து தோண்டினார்கள். எங்கள் தெருவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதிகாரிகளுக்கு நல்லது கெட்டது தெரிகிறது என்று பேசிக்கொண்டார்கள். குழாய் எங்கள் முக்கில் வந்ததும் சட்டமும் எங்களுடையதாகிவிட்டது. முதலில் மேலத்தெருக் குடங்கள் நிறையும். கீழத்தெருப் பெண்கள் குடங்களைத் தள்ளி வரிசை வைத்துவிட்டு நிற்கலாம், குழாயைத் தொடக் கூடாது. எங்களில் யாராவது மனம் வந்து திறந்துவிட்டால்தான் அவர்களுக்குத் தண்ணீர்.

அந்த வரிசையில் மெம்பரின் மகளும் நிற்பாள். வகுப்பில் எனக்கு அடுத்த பெஞ்சு. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. வகுப்பில் என்னை "ஏட்டி" என்று கூப்பிடுவாள். தெருவில் கூப்பிட மாட்டாள். தண்ணீருக்கு நின்று தினமும் மணி அடித்த பிறகுதான் வருவாள். வகுப்பு வாசலில் முட்டி போட்டு நிற்பாள். கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டாள்.

கீழத்தெருவில் பேச்சு கிளம்பியிருந்தது. "மெம்பர் மேலத்தெருக்காரங்கிட்ட வித்துட்டான்" என்று. அவர்தானே மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தவர். விரல் வைத்தவர்கள் அவரை நம்பித்தான் வைத்தார்கள். அவர் வீட்டு வாசலில் ஒரு கிழவி மண்ணை அள்ளித் தூற்றினாள் என்று எங்கள் வீட்டிலேயே பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்கள்.

அவர் தென்காசிக்குப் போய் ஆபீஸில் அந்த மனுவை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலமே எங்கள் முற்றத்துக்கு வந்தார். அதே இடம், அதே துண்டு, அதே தூறல். அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

"பாப்பா, நீ பச்சப்பிள்ள. தெரியாம எழுதிருப்ப. ஒரு வாட்டி எங்கூடப் புளியமரத்தடிக்கு வந்து, நாந்தான் மாத்தி எழுதுனேன்னு சொல்லிரு தாயி. யாரும் ஒன்னைய ஏச மாட்டாவ. நான் பாத்துக்கிடுதேன். எம் பேரு போவுது பாப்பா."

அவ்வளவுதான் கேட்டார். குழாயை மாற்றக்கூடக் கேட்கவில்லை. ஒரு வாக்கியம் கேட்டார்.

நான் அவர் முகத்தைப் பார்த்து, "நீ சொன்னதத்தான் எழுதுனேன்" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரி பாப்பா" என்றார்.

"கேட்டுட்டேல்லா? பெறவென்ன?" என்றார் அப்பா. மெம்பர் போன பிறகு அப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டுத் தலையில் கை வைத்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "கெட்டிக்காரி" என்றார். வேறெதற்கும் அப்பா என்னை அப்படிச் சொன்னதில்லை. அந்தச் சொல் எனக்கு அன்று பிடித்திருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

அந்த வாரமே மெம்பர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு அவர் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. ரோட்டில் எதிரே பார்த்தால் ஒதுங்கி வழிவிடுவார். நானும் வழியை வாங்கிக்கொண்டு போய்விடுவேன்.

என் அழகான எழுத்து எனக்குத் தாலுகா ஆபீஸில் வேலை வாங்கித் தந்தது. மேஜைக்குக் கைநாட்டு வைத்த மனு வரும்போதெல்லாம் கொண்டுவந்தவரை உட்கார வைத்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா?" என்று வாசித்துக் காட்டுவேன். சொன்னது ஒன்று, எழுதியிருப்பது ஒன்று என்று பலருக்கு அப்போதுதான் தெரியும். கூட வேலை பார்த்தவர்கள் எனக்கு 'வாசிப்பு மேடம்' என்று பேர் வைத்தார்கள். ஓய்வு பெற்று, தென்காசி தனி மாவட்டமும் ஆனபிறகு, திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு மடக்கு மேஜை போட்டு இலவசமாக மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். எழுதிய பிறகுதான் விரல். விரலுக்கு முன்னால் இரண்டு தடவை உரக்க வாசிப்பேன். இதைத்தான் நீங்கள் சேவை மனப்பான்மை என்கிறீர்கள். அது வெட்கம். ஆனால் எந்த வாசலுக்குப் போய் அதைச் சொல்ல வேண்டுமோ, அந்த வாசலுக்கு மட்டும் நான் போகவில்லை. ஊரார் பேருக்கெல்லாம் மனு எழுதினேன், ஒரு பேரைத் தவிர.

பொன்னாடை போர்த்திய அடுத்த திங்கட்கிழமை, வரிசையில் ஒரு நரைத்த தலை நின்றது. முறை வருவதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மெம்பரின் மகள். பாவூர்சத்திரம் பக்கம் கட்டிக்கொடுத்து, சந்தையில் வெங்காயம் தரம் பிரித்தே காலம் போய், இப்போது ஊருக்கே திரும்பிவிட்டாளாம். கண்ணில் புரை. பக்கத்தில் வந்து முகத்தை நீட்டித்தான் என்னைப் பார்த்தாள்.

"என்ன மனும்மா?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"எங்க அப்பா பேருக்கு. பஞ்சாயத்து ஆபீஸ்ல பழைய மெம்பருங்க பேரெல்லாம் பலகைல எழுதி மாட்டப் போறாவளாம். அப்பா பேரு லிஸ்ட்ல இல்ல. கேட்டா, புகார் வந்து பாதில போனவரும்மா அவருங்காவ."

"அப்பா..." என்று இழுத்தேன்.

"போயி வருசம் ஆச்சு. பேரு இன்னும் இருக்குல்லா."

நான் தாளை எடுத்து முகவரி, ஐயா, வணக்கம் வரை வேகமாக எழுதிவிட்டேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. "என்ன காரணம் எழுதணும்?" என்று கேட்டேன்.

"நடந்தத எழுதுங்க. ஒங்களுக்குத் தெரியாததா?"

"நான் அன்னைக்கு..." என்று தொடங்கினேன்.

அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். "எங்கிட்ட சொல்ல வேண்டாம். எனக்குத்தான் தெரியுமே. அப்பா ராஜினாமாவ எழுதுனதே நாந்தான். அதுக்குப் பெறவு நான் ஒண்ணும் எழுதல. நீங்க தாள்ல எழுதுங்க."

எழுதினேன். புளியமரத்தடி என்று இரண்டு தெருவும் முடிவு செய்ததை எழுதினேன். கைநாட்டு முதலில் வாங்கப்பட்டதை எழுதினேன். மேல்பாதியில் இடத்தை மாற்றி எழுதியது நான்தான், உறுப்பினருக்கு அது தெரியாது, என்னிடம் வந்து கேட்டபோதும் நான் பொய் சொன்னேன் என்று எழுதினேன். சுழிகள் ஒன்றும் ஒரே அளவாக வரவில்லை.

"வாசிங்க. எல்லாருக்கும் ரெண்டு வாட்டி வாசிப்பீங்களாம்லா" என்றாள்.

வாசித்தேன். 'நான்தான்' என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது. "சத்தமா" என்றாள். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாரா வாரம் என்னைக் கும்பிடுகிறவர்கள். சத்தமாக வாசித்தேன். இரண்டாம் முறையும் வாசித்தேன்.

அவள் தாளை என் கையிலிருந்து வாங்கி, வரிசையில் நின்ற ஒரு காலேஜ் பிள்ளையிடம் நீட்டினாள். "ஏட்டி, நீ ஒருக்கா வாசி. இவிய வாசிச்சதுதான் அதுல இருக்கான்னு பாக்கணும்." அந்தப் பிள்ளை என்னைச் சங்கடமாகப் பார்த்துவிட்டு வாசித்தது. அவள் கண்ணை மூடி, ஒரு சொல் விடாமல் கேட்டாள். எத்தனையோ பேர் என்னை நம்பி, "நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும், வாசிக்க வேண்டாம்மா" என்று விரலை நீட்டியிருக்கிறார்கள். என்னைத் தெரிந்த ஒருத்தி அவள் மட்டும்தான் என்று தோன்றியது. அவள் செய்தது முழுக்கச் சரி.

நான் பழக்கத்தில் மை டப்பாவைத் திறந்தேன். அவள் அதை மூடி ஓரமாகத் தள்ளினாள். "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்" என்றாள். பிறகு தாளை என் பக்கமாகவே திருப்பி வைத்தாள்.

"மொதல்ல நீ போடு" என்றாள். "எழுத்த ஒட்டிப் போடு. நடுவுல இடம் விடாத."

கடைசி வரியை ஒட்டி, நடுவில் ஒரு சொல்கூட நுழைய முடியாதபடி என் பெயரைப் போட்டேன். அதற்குக் கீழே, தாளை முகத்தோடு சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக அவள் தன் பெயரைப் போட்டாள். தகப்பன் பெயரோடு சேர்த்துப் போட்டாள்.